மாமனார் தலைக்கு மேல் மாரிகுப்பம் ரயில்

பொறாமைப்பட உலகத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார், கூடப் படித்தவர் இருக்கிறார், நம்மோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து இன்று நம் லீவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் இருக்கிறார். ஆனால் இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற உறவு ஒன்று உண்டென்றால் அது சகலைதான். மற்றவர்களைப் பார்த்து நாமாக வயிறெரிய வேண்டும். சகலை விஷயத்தில் அந்தச் சிரமம் கிடையாது. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குடும்பமே தயாராக இருக்கும். (பிரியாணியில் யார் தட்டில் எந்தத் துண்டு விழுகிறது என்பதிலேயே தீர்ப்பு தெரிந்துவிடும்.)

என் சகலை பெயர் பெலிக்ஸ். என் மனைவி ஸ்டெல்லாவின் தங்கை ஷீலாவைக் கட்டியவன். என்னைவிடச் சின்னவன், என்னைவிட உயரம், என்னைவிட முடி. கெட்டவனாக இருந்திருந்தாலாவது நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவனோ வாய் நிறைய "அண்ணா" என்று கூப்பிடுவான், போகும்போது என் செருப்பைக்கூட எடுத்து நேராக வைப்பான். இப்படிப்பட்ட ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் அதையும் விடாமல் செய்தேன்.

நான் பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடுகிற தூரத்தில், ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சின்ன அறை கொண்ட வாடகை வீடு. பெலிக்ஸ் சாப்ட்வேர். கனகபுரா ரோட்டில் வில்லா வாங்கினான். பாதர் வந்து வீடு மந்திரித்த அன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். தீர்த்தம் தெளித்துக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் போன பாதர் கீழ்த்தளத்தில் ஒரு அறைக்குள் நுழைந்து அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

அறை முழுக்க மேஜை. மேஜை முழுக்கப் பனிமலை, சுரங்கப்பாதை, பாலம், வெளிநாட்டுக் கிராமம். நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் விரற்கடை உயர மனிதர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஆபீஸ் வேலையாக வெளிநாடு போகும்போதெல்லாம் வாங்கி வந்ததாம். அந்த ஒரு அறை எங்கள் ஹாலையும் சமையலறையையும் சேர்த்தால் வருகிற அளவு இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. என் மாமனார் அதன் பக்கத்தில் போய்க் குனிந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நல்லா ஓடுது."

இந்த இரண்டு சொல்லின் கனம் உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் என் மாமனாரைத் தெரிந்திருக்க வேண்டும். சூசை மாமா கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். என் சம்பள உயர்வுக்கு, கல்யாண கோட்டுக்கு, நான் சிவாஜிநகரில் தேடி அலைந்து வாங்கி வருகிற ஆட்டுக்கறிக்கு, எல்லாவற்றுக்கும் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது "பரவால்ல" மட்டும்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு "நல்லா"வுக்காகக் காத்திருந்தவன் நான். அதை ஒரு பொம்மை ரயில் வாங்கிக்கொண்டு போய்விட்டது. எனக்கு எரிந்தது. வீடு திரும்பும் வரை ஸ்டெல்லாவிடம் பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெலிக்ஸிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. மாமனார்தான். அத்தை இறந்த பிறகு அவர் மாதா மாதம் தங்கவயலில் சாம்பியன் என்கிற ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி, கன்டோன்மென்டில் இறங்கி, ஒரு மஞ்சள் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். டாக்டரைப் பார்ப்பார், கோயிலுக்குப் போவார், ஒரு வாரம் இருப்பார். அந்தச் சின்ன அறையில் அவருக்கென்று ஒரு கட்டில். பெலிக்ஸ் ஒவ்வொரு முறையும் காரோடு வந்து கூப்பிடுவான். "வேணாம்ப்பா, இங்கயே பழகிடுச்சு" என்று சொல்லிவிடுவார். கையில் இருக்கிற இந்தப் பெருமை என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. என் கண் முழுக்கப் பனிமலை.

நானும் ரயில் லேஅவுட் போடுவது என்று முடிவு செய்தேன். (பெங்களூரில் லேஅவுட் போடுகிறேன் என்றால் வீட்டு சைட் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். ஃபேக்டரியில் பாதிப் பேர் கேட்டார்கள்.) இடத்தில் அவனை ஜெயிக்க முடியாது. ஆனால் நிஜத்தில் ஜெயிக்கலாம். அவனுடையது யாரோ ஒரு ஊரின் பனி. என்னுடையது மாமனார் வந்து போகிற மாரிகுப்பம் லைன். அந்தப் பாதை, அந்த ஸ்டேஷன், ஸ்டேஷனுக்குப் பின்னால் நிற்கிற சைனைட் மேடு. சைனைட் போட்டுத் தங்கம் எடுத்தது போக மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டியே மலையாகிப்போன மேடு அது. அதைப் பார்த்தால் மாமா என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது.

ஆனால் குறைந்த இடத்தில் ரயில் விடுவது என்பது முழுக்க வளைவுப் பிரச்சினை. நேராக ஓட விட ஒரு அலமாரித் தட்டு போதும். போன ரயில் திரும்பி வர வேண்டுமென்றால்தான் சிக்கல். வளைவைச் சின்னதாக்கினால் பெட்டி தடம் புரளும். புரளாத அளவுக்குப் போட்டால் நாலடி அகலம் கேட்கும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தேன், ஸ்டெல்லாவின் ஆப்பச் சட்டியையும் குக்கர் மூடியையும் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். ஹாலில் டிவியை நகர்த்தலாமா என்று கேட்டதற்கு அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். சுவரை ஒட்டிச் சுற்றி விடலாமென்றால் கதவு இடித்தது. கட்டிலுக்கு அடியில் விடலாமென்றால் படுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் நாலடி அகலமும் ஆறடி நீளமும் உள்ள காலி இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாமனார் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த காற்று.

இது என் சொந்த மூளை இல்லை. இடமில்லாதவர்கள் வெளிநாட்டில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பலகையின் நாலு மூலையிலும் கயிறு, கூரையில் நாலு கொக்கி, நாலு கப்பி. வேண்டும்போது கீழே இறக்கிக் கட்டிலின் மேல் வைத்து ஓட்டலாம், வேண்டாதபோது ஏற்றிவிடலாம். சன்னல் பக்கத்துக் கயிறுகள் சுவரில் அடித்த ஒரு கட்டையில், கதவுப் பக்கத்துக் கயிறுகள் இன்னொரு கட்டையில். இரண்டு பேர் நின்று ஒரே சமயத்தில் தளர்த்த வேண்டும். ரொம்ப எளிது.

அடுத்த பிரச்சினை, பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை உள்ள ஊர்களை ஆறடிக்குள் அடக்குவது. நிஜத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டுமென்றால் எதை வைப்பது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் கேள்வி. சாம்பியனை விட முடியாது, மாமா ஏறுகிற இடம். பங்காருபேட்டை லைன் பிரிகிற இடம், மாரிகுப்பம் கடைசி. மற்றவற்றை அடித்தேன். ஸ்டெல்லா ஒரு நாள் வந்து பலகையைப் பார்த்தாள்.

"கோரமண்டல் ஸ்டேஷன் எங்க?"

"இடம் இல்ல. எடுத்துட்டேன்."

"எங்க பெரியம்மா வீட்டையா எடுத்துட்டீங்க?"

பெரியம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, மறுநாள் போனில் கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்காக ஒரு சின்ன பெயர்ப் பலகை மட்டும் வைத்தேன். பங்காருபேட்டைக்கும் கோரமண்டலுக்கும் நடுவில் ஒரு ஜாண் கூட இல்லை.

ஒரு என்ஜின் வாங்கி நானே நீலப் பெயின்ட் அடித்தேன். நம் ஊர் டீசல் என்ஜினின் முகம் அப்படியே வந்தது. அதை நான் துடைத்து வைத்த அழகைப் பார்த்து ஸ்டெல்லா, "என் மோதிரத்தக்கூட இப்படிப் பாத்ததில்ல" என்றாள். மலை என்றால் தெர்மோகோல்தான் என்று அந்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள். சைனைட் மேட்டையும் அதிலேயே செய்தேன். இட்லி மாதிரி இருந்தது. நிஜம்தானே நம் பலம் என்று பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு மணல் கொண்டுவந்து, மாவுச் சல்லடையில் சலித்து, அதன் மேல் கொட்டினேன். பார்க்க அசல் மேடு. பலகையின் எடை, தண்டவாளத்தின் எடை, ரயில் பெட்டிகளின் எடை எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்த நான் மணலை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அது மலை, சாமான் இல்லை என்று மனதில் இருந்திருக்கும். (தினமும் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.)

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. மாலை டீ நேரத்தில் பலகையை இறக்கி ரயிலை ஓட்டிக் காட்டுவது என் ரகசியத் திட்டம். முந்தின நாள் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெலிக்ஸ் ஒரு வீடியோ போட்டான். பனிமலையில் சின்னச் சின்ன விளக்குகள், ரயிலின் கடைசிப் பெட்டியில் கிறிஸ்துமஸ் தாத்தா. கீழே என் மாமனார், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் போட்டிருந்தார். அவருக்கு அதைப் போடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் போய் இன்னொரு பை மணல் கொண்டுவந்தேன். மேட்டை இரண்டு மடங்கு ஆக்கினேன்.

அன்று மத்தியானம் மாமா மஞ்சள் பையோடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். மேலே பார்த்தார். பலகையின் அடிப்பக்கம் தெரியாமல் இருக்க நான் ஒரு பூப்போட்ட பெட்ஷீட் கட்டியிருந்தேன்.

"மேல இன்னா மாப்ள அது?"

"சர்ப்ரைஸ் மாமா. நாளைக்குப் பாருங்க."

"கனமா?"

"கனமே இல்ல மாமா."

அன்றிரவு அவர் ஹாலில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். உள்ளே புழுக்கமாம். டிசம்பர் மாதப் பெங்களூரில், சன்னல் திறந்திருந்த அறையில். எனக்கு அப்போதும் புரியவில்லை. வயசானவர்களுக்கு உடம்பு சூடு ஜாஸ்தி போல என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

மறுநாள் பூசை முடிந்து, பெலிக்ஸும் ஷீலாவும் வந்து, பிரியாணி ஆயிற்று. கால் துண்டு பெலிக்ஸுக்குப் போனது. மாமா ஹால் நாற்காலியிலேயே கண்ணை மூடினார். பெலிக்ஸ் மெதுவாக, "மாமா, நம்ம வீட்டுக்கு வாங்களேன், ரூம் இருக்கு" என்று ஆரம்பித்தான். எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் எங்கள் வீட்டில், அவருடைய கட்டிலில், உரிமையோடு தூங்குகிறார் என்று இவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. "உள்ள போய்ப் படுங்க மாமா" என்றேன். இங்கேயே இருக்கட்டும் என்றார். நான் விடவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குறட்டை வந்தது.

அப்போது பெலிக்ஸ் வந்து, டிராபிக் ஆகிவிடும், சீக்கிரம் கிளம்புகிறோம் அண்ணா என்றான். டீ வரை இருக்கமாட்டார்களாம். அவன் பார்க்காமல் போனால் நான் ரயில் விட்டு என்ன பிரயோசனம்? அவனை மட்டும் சத்தமில்லாமல் சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். பலகை முழுவதையும் இறக்க முடியாது, கீழே மாமா. ஆனால் இவன்தான் உயரமாயிற்றே. கதவுப் பக்கத்துக் கயிற்றை மட்டும் நாலு விரற்கடை தளர்த்தினால் பலகை லேசாகச் சாயும், இவன் எட்டிப் பார்த்துவிடுவான்.

கீழே ஒரு மனிதர் தூங்குகிறார், மேலே இரண்டு பை மணல் இருக்கிறது. இரண்டுமே எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கிற இடத்தில்தான் என் தலையில் பனிமலை இருந்தது.

கட்டையிலிருந்து கயிற்றை ஒரு சுற்று எடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மிச்சத்தைச் சைனைட் மேடு பார்த்துக்கொண்டது. கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. பலகை கதவுப் பக்கமாகச் சாய்ந்தது. மணல் முழுவதும் ஒரே சத்தத்தோடு கட்டில் மேல் கொட்டியது. பெலிக்ஸ் இரண்டு கையையும் தலையையும் கொடுத்துப் பலகையைத் தாங்கிவிட்டான். அவன் உயரத்தினால் நாங்கள் அடைந்த ஒரே நன்மை அதுதான். மாமா கட்டிலில் இல்லை. மணல் விழுந்து முடிவதற்குள் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டிருந்தார். தூக்கத்திலேயே போயிருக்க வேண்டும். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"உள்ள எத்தினி பேரு? பேரு சொல்லுங்க."

பலகைக்கு அடியில் கழுத்து மடங்கி நின்ற பெலிக்ஸ் பதில் சொன்னான். "ரெண்டு பேரு மாமா. நான் பெலிக்ஸ். அண்ணா இங்க இருக்காரு."

"அடி பட்டுச்சா யாருக்காச்சும்?"

நான் எங்கே இருந்தேன் என்றால், சாய்ந்த பலகையின் ஓரத்தில் உருண்டு விழப்போன என் நீல என்ஜினை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஸ்டெல்லா ஓடி வந்தாள். கதவில் நின்று பார்த்தாள். மூக்கிலும் முடியிலும் மணலோடு தூணாக நிற்கிற தங்கை புருஷன். காலிக் கட்டில். நான்.

"அப்பா எங்க?" என்றாள்.

நான் சொன்னேன்: "என்ஜின் சேஃப்."

இதை நான் வேண்டுமென்று சொல்லவில்லை. யாருக்காவது அடியா என்று மாமா கேட்டாரே, அதற்குத்தான் என் வாய் பதில் சொல்லியது. ஆனால் இந்த விளக்கத்தைக் கேட்க அன்றைக்கு யாருக்கும் பொறுமை இல்லை. இன்றைக்கும் இல்லை.

பலகையை இறக்கி வைத்த பிறகு மாமா வெளியே வந்தார். வேட்டியை உதறினார். எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார், எண்ணிப் பார்க்கிற மாதிரி. பெலிக்ஸின் தலையைத் தடவி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் மணலுக்குள் பாதி புதைந்து கிடந்த சாம்பியன் ஸ்டேஷனை எடுத்துத் தூசி தட்டினார். இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"வேலைக்குப் போன காலம் பூரா என் தலைக்கு மேல மலைதான்," என்றார். "அங்க சம்பளமாச்சும் குடுத்தாங்க, மாப்ள."

ஸ்டெல்லா சிரித்தாள். ஷீலா சிரித்தாள். பெலிக்ஸ்கூடக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முந்தின இரவு ஏன் ஹாலில் படுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே ஏதாவது தொங்கினால் அடியில் கண் மூட அவரால் முடியாது. கண் மூட வைத்தவன் நான். அன்று மாலை மஞ்சள் பை பெலிக்ஸின் காரில் ஏறியது. "ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்" என்றார்.

அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. மாதா மாதம் பெலிக்ஸ் கன்டோன்மென்டுக்கே கார் கொண்டுவந்து, எங்கள் தெரு வழியாகவே, அவரைக் கூட்டிக்கொண்டு போகிறான். அவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. கீழே இருக்கிற அறை ரயில் அறை ஒன்றுதான். மேஜையைக் கொஞ்சம் வெட்டிச் சின்னதாக்கி, அங்கேயே ஒரு கட்டில் போட்டுவிட்டார்கள். இப்போது பெலிக்ஸ் எனக்குப் போன் செய்து புலம்புகிறான். மாமா பனியனைத் துவைத்துப் பனிமலை மேல் காயப்போடுகிறாராம். பிரஷர் மாத்திரையைச் சரக்கு ரயில் பெட்டியில் வைத்திருக்கிறாராம், மாத்திரை நேரத்துக்கு ரயில் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்குமாம். அந்த வெளிநாட்டு ஸ்டேஷனில் ஒரு காகிதத்தை ஒட்டி 'சாம்பியன்' என்று எழுதிவிட்டாராம். கோட்டுப் போட்ட மனிதர்கள் எல்லாம் இப்போது அங்கே நின்று பாசஞ்சருக்குக் காத்திருக்கிறார்கள்.

"எப்படி அண்ணா சொல்றது அவர்கிட்ட?" என்று கேட்கிறான். ஐயோ பாவம் என்று நான் சொல்ல வேண்டும். வாயால் சொல்கிறேன். உள்ளுக்குள் எரிகிற எரிச்சல் அந்த வில்லாவைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை. அந்தப் பனியன் என் வீட்டுக் கொடியில் காய்ந்த பனியன்.

போன வாரம் துணிந்து நானே மாமாவுக்குப் போன் போட்டேன். இந்த மாதம் இங்கே வாருங்கள், மேலே ஒன்றும் இல்லை, பலகையை எப்போதோ பிரித்துப் போட்டுவிட்டேன் என்றேன்.

"கொக்கி?" என்றார்.

நாலும் அப்படியேதான் இருந்தன. ஏன் கழற்றவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டால் வருகிற பதில் கௌரவமானது இல்லை. இன்று கழற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு, கட்டில் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மூன்று வந்துவிட்டது. நாலாவது துருப்பிடித்திருந்தது. முழு பலத்தோடு திருகினேன். கொக்கி வந்தது, கூடவே கையகலச் சுண்ணாம்பும் வந்தது. ஸ்டூல் ஒரு பக்கம் போனது, நான் மறுபக்கம் கட்டிலில் மல்லாக்க விழுந்தேன். வீடே அதிர்ந்தது.

சமையலறையில் தாளிக்கிற சத்தம் ஒரு நொடி நின்றது. ஸ்டெல்லா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கிருந்தபடியே கேட்டாள்.

"என்ஜின் சேஃபா?"